கள்ளியைச் சுட்டால் பச்சை

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேயர்.
12.8.2018

அன்புள்ள அப்பாவுக்கு,

அகிலா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உங்கள் சளி போயிற்றா, பவர் ஹவுஸ் புகையில் போய் நிற்பதைக் குறைத்தீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

கவரைப் பிரித்ததும் விரல் நகம் அளவில் கறுப்பாக ஒன்று கீழே விழுந்திருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது மெமரி கார்டு. போன லீவில் வந்தபோது, "நாள் முழுக்க இந்த டேப்லெட்ல என்னதான் பண்றே, பாப்பா?" என்று கேட்டீர்கள். நான் வாயால் சொன்னது உங்களுக்கு ஏறவில்லை. "ம், ம்" என்று தலையாட்டிவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டீர்கள். அதனால் என் உலகத்தையே அனுப்புகிறேன். பாட்டுக் கேட்க நீங்கள் கொண்டுபோன என் பழைய டேப்லெட்டில் அந்த கேம் இன்னும் இருக்கிறது. கார்டில் இருக்கும் ஃபோல்டரை அதில் போட்டால் திறக்கும். உங்கள் ஷிஃப்டில் இருக்கும் பாலகுமார் அண்ணனுக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அந்த உலகத்தில் எல்லாமே கட்டைகள்தான். மரம் வெட்டலாம், மண் தோண்டலாம், கட்டைமேல் கட்டை வைத்து வீடு கட்டலாம். ஜெயிப்பது தோற்பது கிடையாது. நான் குன்றின் மேல் ஒரு வீடு கட்டுகிறேன். மூன்று அறை. எனக்கு நீலம், அம்மாவுக்கு மஞ்சள், உங்களுக்குப் பச்சை. கோர்ட்டில் நீங்களும் அம்மாவும் கையெழுத்துப் போட்டது இந்த வீட்டுக்குச் செல்லாது. இங்கே நான்தான் ஜட்ஜ்.

சாயம் எதுவும் சும்மா கிடைக்காது. சிவப்பும் மஞ்சளும் பூவைப் பறித்தால் கிடைக்கும். எலும்பைப் பொடித்தால் வெள்ளை, கணவாயைப் பிடித்தால் கறுப்பு. நீலத்துக்கு மண்ணுக்கு அடியில் வெகுதூரம் தோண்டி நீலக்கல் எடுக்க வேண்டும். அதுவும் எடுத்துவிட்டேன். பச்சை மட்டும் எந்தப் பூவிலும் இல்லை. கள்ளிச்செடியை வெட்டி வந்து அடுப்பில் சுட்டால்தான் பச்சை வரும். கள்ளிக்குப் பாலைவனம் வேண்டும். நான் போன வரைக்கும் பாலைவனம் இல்லை. எனக்குப் பத்தாம் வகுப்பு டியூஷன் இருக்கிறது. உங்கள் அறைக்கு நீங்களே போய்த் தேடுங்கள்.

ஒரே ஒரு சட்டம். கார்டு ஒவ்வொரு கடிதத்தோடும் போய் வரும், அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விளையாடி, செய்ததை அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். மற்றவர் தொடக்கூடாது. நான் இப்போதிலிருந்து தொட மாட்டேன்.

இங்கேயே நெட் சுற்றிச் சுற்றி நிற்கிறது, உங்கள் ஊரில் அதுவும் இல்லை. போனில் பேசினால் பாதியில் போய்விடுகிறது. போகாத நேரத்தில் அம்மா பக்கத்தில் துணி மடிக்கிறாள். அதனால் கடிதமே மேல். தம்பையா மாமா மாதா மாதம் உங்கள் ஊருக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு வருவார் இல்லையா, சாத்தம் ஜெட்டியில் ஃபெரிக்கு நின்றபோது பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
அகிலா

*

கார் நிக்கோபார்,
3.9.2018

என் செல்ல மகள் அகிலாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

நீ அனுப்பிய உலகம் நனையாமல் வந்து சேர்ந்தது. சளி போய்விட்டது. இருமல் மட்டும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண மாட்டேன் என்கிறது.

முதலில் கெட்ட செய்தி. உன் ஆடு ஒன்று செத்துவிட்டது. நான்தான் கொன்றேன். ஆட்டுக்கும் சாயம் பூசலாம் என்று பாலகுமார் சொன்னான். சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டைத் தொட்டேன். அது கத்திக்கொண்டு ஓடியது. சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று விரட்டி விரட்டித் தொட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டைக் காணோம், அது நின்ற இடத்தில் கறி கிடந்தது. "க்யா சார், பெயின்ட் அடிக்கச் சொன்னா பிரியாணிக்கு ரெடி பண்ணிட்டீங்க" என்று பாலகுமார் சிரித்த சிரிப்பில் ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

கள்ளி தேடி மேற்கே நடந்தேன். கடல் வந்துவிட்டது. கிழக்கே போனேன், கடல். இங்கே குவார்ட்டர்ஸிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தான், அந்த உலகத்திலுமா என்று அலுத்துப்போனது. இருட்டினால் பிசாசுகள் வருகின்றன. மண்ணில் குழி தோண்டி உள்ளே உட்கார்ந்து மேலே மூடிக்கொண்டேன். அதுதான் எனக்கு நன்றாக வருகிறது.

உன் வீட்டைப் பார்த்தேன். கதவைத் திறந்து உள்ளே போனேன். நீ எப்போது இவ்வளவு பெரியவளானாய் என்று நினைத்துக்கொண்டேன். என் அறை என்று சொன்னது கோடியில் இருக்கும் வெள்ளைச் சுவர் அறைதானே? ஜன்னலில் கடல் தெரிகிறது. நல்ல அறை.

தீபாவளிக்கு வருகிறேன். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். கார்டை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன், அதுவரை உன் ஆடுகள் என்னிடமிருந்து தப்பட்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல். வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா

*

குட்வில் எஸ்டேட்,
23.9.2018

அன்புள்ள அப்பாவுக்கு,

கொலைகாரரே, கடிதம் கிடைத்தது. அந்த ஆட்டுக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்கள் மறுபடி சோறு சாப்பிடாமல் இருப்பீர்கள்.

சாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்க வேண்டும். திரையில் கீழே ஒரு பட்டன் வரும். அதைத்தான் தொட வேண்டும், ஆட்டை இல்லை. நீங்கள் எப்போதும் இப்படித்தான். வந்து கொஞ்சம் நின்றாலே காரியம் நடக்கும்.

இன்னொன்று. நீங்கள் கம்பளியை ஒவ்வொரு கட்டையாக எடுத்துச் சாயம் போட்டு என் மஞ்சளைத் தீர்த்திருக்கிறீர்கள். கம்பளிக்குப் போடக்கூடாது, ஆட்டுக்குப் போட வேண்டும். ஒரு தடவை பூசினால் போதும். அதற்கப்புறம் எத்தனை முறை கத்தரித்தாலும் புல்லைத் தின்று அதே நிறத்தில் வளர்த்துக்கொள்ளும். சுவரும் ஜன்னல் கண்ணாடியும் அப்படி இல்லை. அவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாயம் வேண்டும். உங்கள் அறைக்கு நிறையப் பச்சை தேவைப்படும் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

கடல் வந்தால் திரும்பக்கூடாது, அப்பா. மரத்தில் படகு செய்யலாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுடைய அப்பா கடலைப் பார்த்துத் திரும்பி வந்தார் என்று வெளியே சொல்ல எனக்கு மானக்கேடாக இருக்கிறது.

இப்போது நிஜ செய்தி. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். அம்மாவுக்குத் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பெரியம்மா வீட்டுக்குப் பக்கம். என் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் போகிறோம். பதினொன்றாம் வகுப்பு எனக்கு அங்கேதான். அம்மா என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தாள். நான் சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இங்கே இருந்தாலும் நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறீர்கள் என்று நினைத்திருப்பேன்.

தீபாவளிக்குக் கட்டாயம் வாருங்கள். டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அம்மாவுக்கு உங்கள்மேல் இப்போது கோபம் இல்லை. கேட்டதாகச் சொன்னேன். "ம்" என்றாள். நல்ல "ம்" தான்.

உங்கள் அன்பு மகள்,
அகிலா

*

கார் நிக்கோபார்,
30.10.2018

செல்லமே, அப்பா எழுதுவது.

பாலைவனம் கிடைத்துவிட்டது.

நீ சொன்னபடி படகு செய்தேன். டியூட்டி முடிந்து வந்து தினமும் கொஞ்சம் துடுப்பு போட்டேன். தெற்கே போய்க்கொண்டே இருந்தால், பனி மூடிய ஒரு கரையைத் தாண்டி, மஞ்சள் மணலாக ஒரு தேசம். அதில் அங்கங்கே கள்ளி, காவலுக்கு நிற்கிற போலீஸ்காரன் மாதிரி. கிட்டே போனால் குத்துகிறது. குத்தக் குத்தத்தான் வெட்டினேன். திரும்பி வரும்போது உன் வீடு எங்கே என்று தெரியாமல் இரண்டு நாள் சுற்றினேன். குன்றின் மேல் அம்மாவின் மஞ்சள் அறை தூரத்தில் தெரிந்தது, அதை வைத்து வந்து சேர்ந்தேன்.

கள்ளியை அடுப்பில் வைத்து, அது பச்சையாக வெளியே வந்தபோது பாலகுமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பகுத் அச்சா சார், ஆனா இதுக்கு மார்க்கெட்ல ஒரு டப்பா பெயின்ட் வாங்கியிருக்கலாம்" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு இந்த வருஷத்தில் அவ்வளவு சந்தோஷம் வேறெதிலும் வரவில்லை. உன் பெட்டியில் பச்சையை வைத்திருக்கிறேன். நாலு சுவருக்குப் போதாது, ஒரு சுவருக்கு வரும். ஒரு ஆட்டுக்கும் பூசினேன். பட்டனைத்தான் தொட்டேன். ஆடு உயிரோடு இருக்கிறது.

திருச்சி விஷயம் படித்தேன். நல்ல ஊர், நல்ல காலேஜ் எல்லாம் இருக்கிறது. அம்மா யோசித்துத்தான் செய்வாள். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு வர முடியவில்லை, கண்ணு. என் இடத்துக்கு ரிலீவராக வர வேண்டியவன் மெயின்லேண்டிலேயே உட்கார்ந்துவிட்டான். லீவு கிடைக்கவில்லை. வந்தாலும் நான் எங்கே தங்குவது என்ற யோசனை வேறு. பதினைந்து வருஷம் குடியிருந்த ஊரில் லாட்ஜில் ரூம் போட்டு, குளித்துவிட்டு, விருந்தாளி மாதிரி உன் வீட்டுக் காலிங் பெல்லை அடிக்க வேண்டும். அதற்காக வரவில்லை என்று நினைத்துவிடாதே. லீவுதான் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறேன்.

உனக்குச் சுடிதார் எடுத்து அனுப்பலாம் என்றால் இங்கே கடையில் நல்லதாக எதுவும் இல்லை. அம்மாவை எடுத்துத் தரச் சொல். நிறத்தை மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா

*

குட்வில் எஸ்டேட்,
25.11.2018

அன்புள்ள அப்பாவுக்கு,

சுடிதார் நீலம். நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன், கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பெட்டியைத் திறந்து பச்சையைப் பார்த்ததும் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். களிமண்ணைச் சுட்டு, சாயம் ஏற்றி, உங்கள் அறையில் கடல் பக்கச் சுவரை எழுப்பிவிட்டேன். மற்ற மூன்று சுவர் உங்கள் அடுத்த பயணத்துக்கு. கொஞ்சம் பச்சையை மிச்சம் பிடித்து வேறு நிறங்களும் செய்தேன். பச்சையும் வெள்ளையும் சேர்ந்தால் இளம் பச்சை. பச்சையும் நீலமும் சேர்ந்தால், மழை விட்ட மறுநாள் சாத்தம் பாலத்திலிருந்து பார்ப்போமே, அந்தத் தண்ணீர் நிறம். அதில் உங்கள் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன். சின்னச் சின்னதாக எல்லா அறைக்கும் விளக்கும் வைத்தாயிற்று.

ஆடுகளும் குட்டி போடும், தெரியுமா? கோதுமை கொடுத்தால் போதும். சிவப்பு ஆடும் வெள்ளை ஆடும் சேர்ந்தால் குட்டி ரோஸ். நீலமும் வெள்ளையும் என்றால் வான நிறம். உங்கள் பச்சை ஆட்டையும் அம்மாவின் மஞ்சள் ஆட்டையும் ஒரே வேலிக்குள் விட்டேன். அந்த இரண்டு நிறமும் கலக்காது. அப்படிக் கலக்காத நிறமாக இருந்தால் குட்டி ஏதாவது ஒரு பக்கம்தான் போகும். மஞ்சளாகப் பிறந்தது. இதில் நான் எந்த அர்த்தமும் வைக்கவில்லை, நீங்களும் வைக்க வேண்டாம். விளையாட்டு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மாடல் எக்ஸாமில் கணக்கில் நல்ல மார்க். ஹிந்தியில் நான் பேசுகிற மாதிரியே எழுதி வைத்துவிட்டேன், டீச்சர் சிவப்பு மையைத் தீர்த்துவிட்டார். அம்மா சாமான்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள், கொண்டுபோவது, கொடுத்துவிடுவது என்று. உங்கள் தச்சுப் பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு வந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் கேட்டேன். "வாசல் ரூம் சும்மாதானே கிடக்கு, வந்து இருக்கட்டும்" என்றாள். ஆகவே லாட்ஜ் காரணம் தள்ளுபடி.

உங்கள் அன்பு மகள்,
அகிலா

*

கார் நிக்கோபார்,
20.1.2019

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் நவம்பர் கடிதமும் கார்டும் இந்த வாரம்தான் கைக்கு வந்தன. கப்பல் ரிப்பேர், பிறகு புயல் எச்சரிக்கை, பிறகு தம்பையாவுக்குக் காய்ச்சல். பொங்கலுக்கு நான் கிளம்ப முடியாததற்கும் அதே கதைதான். கடல் அப்படி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டாய்.

உன் வேலையைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் குட்டியையும் பார்த்தேன். துள்ளிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே இருந்தாலும் நன்றாக இருந்தால் சரி.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது, பாப்பா. கார்டு வரவில்லை, வரவில்லை என்று காத்திருந்தேன். இங்கே மழையில் வேறு எதுவும் செய்வதற்கில்லை. என் டேப்லெட்டில் பழைய உலகம் அப்படியே இருந்தது. உன் சட்டம் ஞாபகம் இருந்தது. சும்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் திறந்தேன். பிறகு ஒரு தடவை பாலைவனம் போய் வரலாம் என்று தோன்றியது. அப்படியே தினமும் போக ஆரம்பித்துவிட்டேன். உனக்காக நிறையச் செய்து வைத்திருக்கிறேன். இப்போது உன் கார்டைப் போட்டால் அதில் நான் செய்தது இல்லை, என்னுடையதைத் திறந்தால் நீ செய்தது இல்லை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? பாலகுமார் தலையைச் சொறிகிறான்.

கார்டை இதனுடன் அனுப்பவில்லை. எதையாவது அழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மார்ச் கடைசியில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து காட்டுகிறேன்.

பரீட்சைக்குப் படி. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா

*

குட்வில் எஸ்டேட்,
10.2.2019

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே ஒரு சட்டம்தான் வைத்தேன். அதையும் உடைத்துவிட்டீர்கள். முதலில் படித்தபோது கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். எனக்காகத் தினமும் பாலைவனம் போனவரிடம் எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொள்வது?

சேர்க்க முடியாது, அப்பா. ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பூவைக்கூடக் கொண்டுபோக முடியாது. ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டால் அடியில் இருப்பது போய்விடும். பிரிந்தது பிரிந்ததுதான். ஒரே ஒரு வழி இருக்கிறது. உங்கள் டேப்லெட்டையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் உலகத்தில் என்னென்ன எங்கெங்கே கட்டியிருக்கிறீர்களோ, நீங்கள் காட்டக் காட்ட நான் என்னுடையதில் மறுபடி கட்டுவேன். பாலைவனத்துக்கு வழி நீங்கள் சொல்லுங்கள், நான் துடுப்பு போடுகிறேன். இரண்டு மூன்று நாள் போதும். அதற்கு நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் உண்டு.

கடைசிப் பரீட்சை மார்ச் முடிவில். ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னைக் கப்பல். இடையில் ஒரு வாரம் எனக்கு எந்த வேலையும் இல்லை. அந்த வாரம் உங்களுக்கு என்று வைத்திருக்கிறேன். சினிமாவுக்குக் கூப்பிட்ட தோழிகளிடம் அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும் என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். அறை, சுவர், பச்சை எல்லாம் அதற்குத்தான். நாங்கள் போன பிறகு நீங்கள் என்னைப் பார்க்க வர ஒரு கப்பல் போதாது. ஒரு கப்பல் தூரத்தில் இருக்கும்போதே இப்படி என்றால், மெயின்லேண்ட் போனபின் என்ன ஆகும் என்று யோசித்துப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. அதனால் வாருங்கள். ஒரு தடவை வந்து காட்டினால், இனிமேலும் வருவீர்கள் என்று நான் நம்பிக்கொண்டு போவேன்.

கார்டை யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள் அன்பு மகள்,
அகிலா

*

கார் நிக்கோபார்,
31.3.2019

செல்ல மகள் அகிலாவுக்கு,

பரீட்சை நல்லபடியாக முடிந்திருக்கும். நீ நன்றாகத்தான் எழுதியிருப்பாய்.

உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லீவு கிடைத்தது. பெட்டி கட்டினேன். உனக்குத் தேங்காய் எண்ணெய், அம்மாவுக்கு நல்ல கொப்பரை, எல்லாம் எடுத்து வைத்தேன். ஆனால் டிக்கெட் கிடைக்கவில்லை, கண்ணு. கப்பல் நிரம்பிவிட்டது. லீவு முடிந்து போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஒரே கூட்டம். ஹெலிகாப்டரில் கேட்டேன், நோயாளிகளுக்குத்தான் முதல் இடம். அடுத்த கப்பல் வருவதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள்.

நான் வராவிட்டால் என்ன, என் உலகம் வருகிறது. பாலகுமார் இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தான். கார்டை உள்ளே ஒட்டியிருக்கிறேன். திருச்சிக்குப் போய் நிதானமாகத் திறந்து பார். எல்லாம் உனக்குத்தான். எப்படிச் சேர்ப்பது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய்.

கப்பலில் மேல் டெக்கில் நின்று காற்று வாங்காதே, தலைவலி வரும். எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். அம்மாவைப் பார்த்துக்கொள். தச்சுப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

மே மாதம் கட்டாயம் திருச்சிக்கு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா

*

திருச்சி,
26.5.2019

அப்பாவுக்கு,

வந்து சேர்ந்த விவரம் அம்மா உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். இத்தனை நாள் நான் எழுதாததற்கு இந்த ஊர் வெயிலைக் காரணம் சொல்லலாம். ஆனால் காரணம் சொல்ல நம் வீட்டில் ஒருவர் போதும்.

அந்தக் கப்பல் வந்த காலையில் நான் ஹாடோ ஜெட்டியில் இருந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் வந்து நின்றேன். நீலச் சுடிதார் போட்டிருந்தேன். கப்பலைக் கரையில் கட்டி, ஏணி வைத்து, ஆட்கள் இறங்கினார்கள். அதிகம் பேர் இல்லை. அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை, நீங்கள் எப்போதும் கடைசியில்தான் இறங்குவீர்கள் என்று நின்றேன். கடைசியில் தம்பையா மாமா காலிக் கூடைகளோடு இறங்கினார். கவரை என் கையில் வைத்தார்.

"கப்பல் ஃபுல்லா மாமா?" என்று கேட்டேன்.

"அரே நஹீ பேட்டி, இல்லம்மா. படுக்கையெல்லாம் பாதி காலி. நான் காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வந்தேன். உங்கப்பா ஜெட்டி வரைக்கும் வந்தாரு. தோள்ல பேக், கையில டிக்கெட்டு. 'சலோ சார், ஏறுங்க'ன்னு கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கப்பலையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் இந்தக் கவரை எங்கிட்ட குடுத்துட்டு, வந்த ஜீப்லயே திரும்பிட்டாரு."

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். நீங்கள் எழுதியதை அவர் படிக்கவில்லை, பாவம். அவர் எதிரிலேயே கவரைப் பிரித்துப் படித்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் ஜெட்டிக்கு வந்தீர்களா, அல்லது ஜீப்பில் உட்கார்ந்து எழுதினீர்களா என்று மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா என் பின்னால் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டிய பிறகும், பக்கத்து வீட்டில் ஒரு பெரிய சட்டி கடன் வாங்கி மீன் குழம்பு வைத்திருந்தாள். உங்களுக்கும் சேர்த்துத்தான். மதியம் நானும் அவளும் முடிந்தவரை சாப்பிட்டோம். மிச்சத்தைச் சட்டியோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டோம்.

இங்கே வந்து ரொம்ப நாள் கார்டைத் தொடவில்லை. போன வாரம் போட்டேன். அம்மாவின் போனில் உங்கள் உலகம், என் டேப்லெட்டில் என் உலகம். பெரியம்மா வீட்டு ஹாலில் பாய் விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நிறையச் செய்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இல்லாமலே பார்த்துப் பார்த்துக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அப்பா.

வீடு நான் செப்டம்பரில் விட்ட மாதிரியே இருந்தது. உங்கள் அறையில் நாலு சுவரும் வெள்ளை. ஆனால் அறைக்குள் கால் வைக்க இடம் இல்லை, எங்கும் பெட்டிகள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாமே நிறைந்து கிடந்தன. குன்றில் நான் விட்டு வைத்திருந்த பூக்களைக்கூடப் பறித்திருந்தீர்கள். எல்லாவற்றிலும் அதிகம் பச்சைதான். ஊரையே பச்சையாக்கலாம், அவ்வளவு. அத்தனைக்கும் எத்தனை கள்ளி வெட்டியிருப்பீர்கள், எத்தனை தடவை அந்தக் கடலைத் தாண்டியிருப்பீர்கள், எத்தனை தடவை குத்து வாங்கியிருப்பீர்கள். அந்த ஒரு ஆட்டைத் தவிர, ஒரு துளியைக்கூட எதன் மேலும் பூசவில்லை.

முதலில் கோபம் வந்தது. பிறகு பாயிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை வாங்கி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள். அவளுக்கு விளையாடத் தெரியாது, இருந்தும் பார்த்தவுடன் புரிந்தது. "இப்படியேதான் இருந்தாரு, பாப்பா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

உங்களுக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்த யாராலும் அப்படி நினைக்க முடியாது. ஆனால் அது பெட்டியிலேயே இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டது ஒரு சுவர்தான். ஒரு சுவரைப் பூசி வைத்திருந்தால்கூட, பார், அப்பா செய்தது என்று என் உலகத்தில் அதே மாதிரி எழுப்பியிருப்பேன். கப்பலில் ஏறி வந்து ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டு மறுநாளே திரும்பியிருந்தாலும் எனக்குப் போதும். அழுதிருப்பேன், நீங்களும் அழுதிருப்பீர்கள். அழுதால் என்ன?

உங்கள் உலகத்தை அழிக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். அதில் விளையாடவும் போவதில்லை. இங்கே நெட் வேகமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு பானு, அவளுடைய தோழிகள் எல்லாரும் சேர்ந்து ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் கட்டுகிறார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குச் சாயம் செய்யத் தெரியும் என்றதும் ஒரே மரியாதை. அதனால் கார்டு இனி தேவைப்படாது. இந்தக் கவரில் கார்டு இல்லை. உதறிப் பார்க்க வேண்டாம்.

மே மாதம் கட்டாயம் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இன்று இருபத்தாறு. நான் கணக்குப் பார்க்கவில்லை, அம்மாதான் காலண்டரைக் கிழித்தாள்.

மேலே விலாசம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். கடிதம் போடுங்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பாலகுமார் அண்ணன் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அவர் சொல்வதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இனிமேல் டிக்கெட் இல்லை, லீவு இல்லை, கடல் சரியில்லை என்று எழுத வேண்டாம். வரவில்லை என்று எழுதுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், நான் தாங்கிக்கொள்வேன். வருகிறேன் என்று நீங்கள் எழுதும்போதுதான் முடியவில்லை. அம்மா கூடுதலாக அரிசி போடுகிறாள், நான் வாசலில் போய் நிற்கிறேன்.

அகிலா